'கேஷ்' – ஒரே இங்கிலீஷ் வார்த்தைக்கு ரெண்டு பொறப்பு: சீன ஸ்டூடண்ட்ஸுக்குச் சொல்லிக்கொடுக்கிறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் சிங்கப்பூர்ல, சீனாலேர்ந்து வேலைக்கு வந்தவங்களுக்கு சாயங்காலம் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கிறேன், ஏழெட்டு வருஷமாச்சு. ஊரு மன்னார்குடி பக்கம். கூட வேலை பாக்குற தமிழ் டீச்சருங்க, ஆன்லைன்ல சீனப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிற ஃப்ரெண்ட்ஸ், சும்மா ஆர்வத்துல கேக்குற சொந்தக்காரங்கன்னு எல்லாரும் சுத்திச் சுத்தி இந்த ஒத்த வார்த்தையப் பத்தியே கேட்டுட்டு இருக்கிறதால, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட முடியாம எல்லாத்தையும் இங்க எழுதிட்டேன். சீன வார்த்தைகளையும் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், அந்த ஏத்த இறக்கமெல்லாம் எழுத்துல வராது, உங்க ஸ்டூடண்ட்ஸைச் சொல்லச் சொல்லிக் காதால கேட்டுக்குங்க.

கேஷ்ங்கிறது நம்ம 'காசு'லேர்ந்து வந்ததுதானே? வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் வந்துச்சே?

பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதியைத்தான் எல்லாரும் ஃபார்வர்ட் பண்றாங்க.

இங்கிலீஷ்ல கேஷ்னு ஸ்பெல்லிங்ல, சத்தத்துல துளிகூட வித்தியாசம் இல்லாம ரெண்டு வார்த்தை இருக்கு. ஏடிஎம்ல எடுக்கிறோமே, கடையில நீட்டுறோமே, அந்த கேஷ் ஒண்ணு. அது ஐரோப்பாவுலயே பொறந்தது, நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இன்னொரு கேஷ், நடுவுல சதுர ஓட்டை போட்ட பழைய சீனச் செம்புக் காசுக்கு இங்கிலீஷ்காரன் வச்ச பேரு. அதுதான் நம்ம காசு. அதாவது நம்ம வார்த்தை இங்கிலீஷுக்குள்ள நுழைஞ்சு உக்காந்திருக்கிறது நம்ம பணத்து மேல இல்ல, சீனாக்காரன் பணத்து மேல! நல்ல அகராதி எதை எடுத்தாலும் ரெண்டையும் தனித்தனித் தலைப்பாத்தான் போட்டிருக்கும், ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு.

ஃபார்வர்ட் பண்ணுன சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன், ஒரு தம்ஸ் அப் வந்துச்சு, மறுநாள் திரும்ப அதே ஃபார்வர்ட்.

அப்ப ஏடிஎம் கேஷ் எங்கேர்ந்து வந்துச்சு?

பெட்டியிலேர்ந்து. லத்தீன்ல 'கேப்ஸா'ன்னா பெட்டி. அது இத்தாலியன்ல 'காஸ்ஸா', பிரெஞ்சுல 'காஸ்', 'கேஸ்'னு ஆகி 1590கள் வாக்குல இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு. வந்தப்ப அர்த்தம் பணம் வைக்கிற பெட்டி, கொஞ்ச நாள்ல பெட்டிக்குள்ள இருந்த பணத்துக்கே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு, அப்புறம் பெட்டிங்கிற அர்த்தம் செத்தே போச்சு. இதைத் தமிழ் ஆளுக்கு விளக்கவே வேண்டாம். மளிகைக்கடையில "கல்லாவுல எவ்வளவு இருக்கு"ன்னு கேட்டா யாரும் மரப்பெட்டியோட வெலையைச் சொல்றதில்லையே, அதே கதைதான். சூட்கேஸ்ல வர்ற 'கேஸ்', மாத்திரை 'கேப்ஸ்யூல்' எல்லாம் அதே லத்தீன் பெட்டியோட பிள்ளைங்க.

சீன ஸ்டூடண்ட்ஸுக்குச் சொல்லும்போது நான் போர்டுல ஒரு பெட்டி படம் போட்டு உள்ள நோட்டு வரைஞ்சு, அப்புறம் பெட்டியை மட்டும் அழிச்சிடுவேன். அவ்வளவுதான், அதுக்கு மேல வாயால சொல்லவேண்டியதில்ல.

சரி, நம்ம காசு எப்படிப் போய் சீனக் காசுக்குப் பேராச்சு?

போர்த்துகீசியர் வழியா. வாஸ்கோ ட காமா 1498ல கோழிக்கோட்டுல இறங்குறான், 1511ல மலாக்காவைப் பிடிக்கிறாங்க. மலாக்காவுல அப்பவே சோழமண்டலக் கரைலேர்ந்து போன தமிழ் வியாபாரிங்க பெரிய கை. நம்ம கரையில சின்னச் சில்லறைக்குக் 'காசு'ன்னு சொல்றதை போர்த்துகீசியர் கேக்குறாங்க, அவங்க மொழியில ஏற்கனவே 'காய்ஷா'ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதுக்கு அர்த்தம் பெட்டி (ஆமா, அதே லத்தீன் பெட்டி!), அதனால காசு அவங்க வாயில சுளுவா 'காய்ஷா' ஆயிடுச்சு. அப்புறம் கிழக்க போகப் போக ஜாவாவுல, சீனாவுல பாத்த ஓட்டைக் காசுக்கெல்லாம் அதே பேரையே சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. பின்னாடியே வந்த இங்கிலீஷ்காரன் அதை வாங்கி வாலை நறுக்கி 'கேஷ்' ஆக்கிட்டான்.

ஆக, பெட்டி வார்த்தையும் காசு வார்த்தையும் ஒரே மாதிரி சத்தமாப் போனது முழுக்கத் தற்செயல் இல்ல, நடுவுல ஒரு போர்த்துகீசிய வாயி இருந்திருக்கு. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

இதுக்குப் பதிலா நாம ஒண்ணு வாங்கியிருக்கோம், டச்சுக்காரனோட செப்புக்காசு பேரு 'டௌட்', அதுதான் நம்ம 'துட்டு'. காசைக் குடுத்து துட்டு வாங்குன கதை.

அந்தச் சீனக் காசு எப்படி இருக்கும்? ஏன் சதுர ஓட்டை?

கையில ஒண்ணு வச்சுக்கிட்டுத்தான் எழுதறேன். பழைய அஞ்சு ரூவா நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலம், ரொம்ப லேசு, பித்தளை நெறம் மங்கிப்போய் காப்பிப்பொடி கலர்ல இருக்கு. ஓட்டையைச் சுத்தி நாலு எழுத்து, மேல, கீழ, அப்புறம் வலது, கடைசியா இடதுன்னு படிக்கணும்: 'ச்சியென் லோங் தோங் பாவ்'. முதல் ரெண்டும் ராஜாவோட ஆட்சிப் பேரு, 18ம் நூற்றாண்டு ஆளு. 'தோங் பாவ்'னா ஊர்ல புழங்குற செல்வம்னு வச்சுக்குங்க. பின்பக்கம் அந்த ராஜ வம்சத்தோட சொந்த மொழியான மஞ்சுவில, எந்தக் காசுப் பட்டறையில வார்த்ததுன்னு ரெண்டு வார்த்தை.

சதுர ஓட்டைக்குக் காரணம் தத்துவம்னு நெறைய பேர் சொல்லுவாங்க, வானம் வட்டம் பூமி சதுரம்னு. அது இருக்கட்டும், வேலைக்காரன் பக்கத்துலேர்ந்து பாத்தா வேற ஒண்ணு தெரியும். இதெல்லாம் சுத்தியலால அடிச்ச நாணயம் இல்ல, அச்சுல உருக்கி ஊத்துனது. ஊத்தி எடுத்தா ஓரமெல்லாம் பிசிறு பிசிறா நிக்கும். ஒவ்வொண்ணாப் பிடிச்சு ராவ முடியுமா? ஒரு சதுரக் கம்பியில வரிசையாக் கோத்து மொத்தமா ராவுவாங்க. ஓட்டை வட்டமா இருந்தா காசு கம்பியிலயே சுத்திக்கிட்டு இருக்கும், சதுரமா இருந்தா ஆடாது. அவ்வளவுதான். வேலை முடிஞ்சா அதே ஓட்டையில கயிறு கோத்து 1000 காசை ஒரு கோவையாக் கட்டுவாங்க, அதுக்குப் பேரு 'குவான்'. தாங் வம்சத்துல 621ல வந்த அளவுப்படி 10 காசு ஒரு லியாங் எடை (லியாங்னா சீனாவோட பழைய எடை அளவு), அப்படின்னா ஒரு கோவை சுமாரா நாலு கிலோ. தோள்ல போட்டுட்டு மார்க்கெட் போகணும், தேங்கா மூட்டை மாதிரி.

இதுக்குச் சீனாவுல ஒரு கிண்டல் பேரு உண்டு, 'கோங் ஃபாங் ஷியோங்', நம்ம பாணியில சொன்னா 'சதுர ஓட்டை அண்ணாச்சி'. ஆயிரத்து எழுநூறு வருஷத்துப் பழைய கேலி, இன்னிக்கும் படிச்சவங்களுக்குத் தெரியும். கிளாஸ்ல இதைச் சொன்னேன்னா கடைசி பெஞ்சு முழிச்சுக்கும்.

சீனாக்காரங்களுக்கு இந்த 'கேஷ்'ங்கிற பேரு தெரியுமா?

முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. அவங்க அதை 'தோங் ச்சியென்', செம்புக்காசுன்னுதான் சொல்லுவாங்க, எண்ணும்போது 'வென்'. இங்கிலீஷ்ல சீன வரலாறு படிக்க ஆரம்பிக்கிறப்பதான் "தி சோல்ஜர் வாஸ் பெய்டு டூ ஹண்ட்ரட் கேஷ்"னு வந்து முட்டும். உடனே "டீச்சர், கேஷ்க்கு முன்னால நம்பர் போடக்கூடாதுன்னு போன வாரம்தானே சொன்னீங்க?"ன்னு கேப்பாங்க. கேட்டா சந்தோஷப்படுங்க, நல்ல ஸ்டூடண்ட்.

பதில் இதுதான்: பெட்டி கேஷை எண்ண முடியாது, காசு கேஷை எண்ணலாம், ஆனா எண்ணினாலும் கடைசியில 'எஸ்' வராது. ஒரு கேஷ், பத்து கேஷ், ஆயிரம் கேஷ். இதுக்கு உலோகத்துலயே சாட்சி இருக்கு. 1900லேர்ந்து குவாங்டோங்ல ஆரம்பிச்சு பல மாகாணங்கள்ல மெஷின்ல அடிச்ச ஓட்டையில்லாத செம்புக்காசு வந்துச்சு, ஒரு பக்கம் டிராகன், அதைச் சுத்தி இங்கிலீஷ்லயே 'டென் கேஷ்'னு அடிச்சிருக்கும். சீன அரசாங்கமே நம்ம வார்த்தையைத் தன் காசுல போட்டுக்கிச்சு, யாருக்கும் தெரியாம.

இதுல தமிழ்நாட்டுக்கு நேரடி சம்பந்தம் ஏதாவது இருக்கா, இல்ல வார்த்தை மட்டும்தானா?

வார்த்தை போனதுக்கு முன்னாடியே காசு வந்துடுச்சு! 1077ல சோழ ராஜாகிட்டேர்ந்து தூதுக்குழு ஒண்ணு அப்ப சீனாவை ஆண்ட சோங் வம்சத்து அரசவைக்குப் போச்சு. இங்கேர்ந்து கண்ணாடிச் சாமான், கற்பூரம் மாதிரி பொருளெல்லாம் கொண்டு போனாங்க. பதிலுக்கு அந்தப் பேரரசர் குடுத்தது 81,800 கோவைக் காசு, கூட 52,000 லியாங் வெள்ளி, இது சோங் வரலாற்றுலயே எழுதியிருக்கு. ஒரு கோவைன்னா பேருக்கு 1000, ஆனா சோங் சர்க்கார் கணக்குல 770 கோத்தாலே ஆயிரம்னு வச்சுக்கிறது வழக்கம். அந்தக் குறைச்ச கணக்குல பாத்தாலே ஆறு கோடிக் காசுக்கு மேல வருது.

பழைய தஞ்சாவூர் மாவட்டத்துல தாலிக்கோட்டை, ஒலயக்குன்னம் பக்கமெல்லாம் மண்ணுக்குள்ளேர்ந்து சீனக் காசு குவியலா கிடைச்சிருக்கு. தாலிக்கோட்டை எங்க பக்கந்தான். சின்ன வயசுல அந்த வழியா எத்தனையோ தடவை பஸ்ல போயிருக்கேன், ஒருத்தர்கூடச் சொன்னதில்ல, சிங்கப்பூர் வந்து ஒரு சீன ஸ்டூடண்ட் கேட்ட கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் தெரிஞ்சுது.

இன்னொண்ணு, நம்மகிட்டயே காசுங்கிற வார்த்தை சரிஞ்சிருக்கு பாருங்க. சோழர் கல்வெட்டுல காசுன்னா தங்கம், கோயிலுக்கு எழுதிவச்சா ஊரே பேசும். போர்த்துகீசியர் வந்தப்ப அது சில்லறைப் பேராத்தான் அவங்க காதுல விழுந்துச்சு.

மெட்ராஸ்லயே 'கேஷ்'னு காசு அடிச்சாங்களாமே?

ஆமா. கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ் கணக்குல 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா (திங்கிறது இல்ல, தங்கக் காசு). கேஷ் நம்ம காசு, ஃபனம் நம்ம பணம். 1803லயும் 1808லயும் இங்கிலாந்துல அடிச்சு கப்பல்ல அனுப்புன செம்புக்காசுல ரோமன் எண்ணுல பத்து கேஷ், இருபது கேஷ்னு போட்டிருக்கும், கூடவே பாரசீகத்துல கணக்கு. அதுல ஒரு லோடு ஊரு வந்தே சேரல, அட்மிரல் கார்ட்னர்ங்கிற கப்பல் 1809 ஜனவரியில இங்கிலாந்துக் கரையிலயே மணல்திட்டுல மாட்டி முழுகிடுச்சு, 1980கள்ல தோண்டி எடுத்த காசு இன்னும் வித்துட்டு இருக்காங்க. திருவிதாங்கூர்ல 1949 வரைக்கும் 16 காசு ஒரு சக்கரம், அதுலயும் இங்கிலீஷ்ல 'ஒன் கேஷ்'தான்.

சீன மொழியில கேஷுக்கு என்ன வார்த்தை?

'ஷியென்ஜின்'. ஷியென்னா இப்ப, கைவசம், ஜின்னா தங்கம். தமிழ்ல இதுக்குச் சரியான ஜோடி காசு இல்ல, 'ரொக்கம்'. தமிழ் டீச்சருங்க இங்கதான் வழுக்கி விழறாங்க, சத்தம் ஒண்ணா இருக்கேன்னு மனசுக்குள்ள கேஷ்னா காசுன்னு மாத்திக்கிட்டுச் சொல்லித்தர்றாங்க. காசுன்னா நமக்கு பேங்க்ல இருக்கிறதும் காசு, கடன் குடுத்ததும் காசு, "அவன்கிட்ட காசு இருக்கு"ன்னா ஆளு வசதின்னு அர்த்தம். கேஷ் அப்படி இல்ல. "ஹி ஹேஸ் கேஷ்"னா பாக்கெட்டுல நோட்டு இருக்கு, அவ்வளவே. வசதிக்கு 'மணி'. சீன மொழியிலயும் இதே பிரிவுதான், 'ச்சியென்' பொதுவான பணம், 'ஷியென்ஜின்' ரொக்கம்.

உச்சரிப்புல என்ன தகராறு வருது?

மூணு. முதல்ல அந்த நடு உயிர். தமிழ்ல கேஷ்னு எழுதுறோம், ஆனா அது 'கே' இல்ல, 'கா'வும் இல்ல, தாடையை நல்லாக் கீழ இறக்கி அ-வுக்கும் எ-வுக்கும் நடுவுல சொல்லணும். அது மாண்டரின்லயும் (சீனாவோட பொது மொழி) இல்ல, தமிழ் எழுத்துலயும் இல்ல, அதனால நாமளே தப்பாச் சொல்லி அவங்களுக்கும் தப்பாக் குடுத்துடுவோம், முதல்ல கண்ணாடி முன்னாடி நாம பழகிக்கணும்.

ரெண்டாவது கடைசி மெய். மாண்டரின்ல ஒரு அசை 'ன்', 'ங்' மாதிரி சத்தத்துல முடியும், இல்ல உயிர்ல முடியும், 'ஷ்'ல முடியவே முடியாது. அதனால 'கேஷி'ன்னு ஒரு வாலு முளைக்கும். சிரிக்காதீங்க, நம்மாளுங்க 'பஸ்ஸு', 'கேஷு'ன்னு சொல்றது மட்டும் என்னவாம். நான் "கேஷ் ஈஸ்", "கேஷ் ஆன்"னு அடுத்த வார்த்தையோட ஒட்டிச் சொல்ல வைப்பேன், வாலு தானா உதிர்ந்துடும்.

மூணாவது 'ஷ்' பெருசா அழுத்தி 'ச்' ஆகிடறது. என் ஸ்டூடண்ட் ஒருத்தர், சமையல்காரர், அம்பது வயசிருக்கும், காப்பிக்கடையில போய் "கேன் ஐ பே கேட்ச்?"னு கேட்டிருக்காரு. கடைக்காரம்மா சிரிச்சுக்கிட்டே பந்து பிடிக்கிற மாதிரி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுச்சாம். மறுநாள் கிளாஸ்ல அதை அவரே நடிச்சுக் காட்டினாரு. அதுக்கப்புறம் அந்த பேட்ச்ல ஒருத்தருக்கும் அந்தத் தப்பு வரல, நான் நடத்துன எந்தப் பாடமும் அந்த அளவுக்குப் பதிஞ்சதில்ல.

"ஏ கேஷ்", "மெனி கேஷ்" – இதை எப்படி நிறுத்துறது?

தண்ணி, அரிசி வரிசையில உக்கார வைங்க. "மச் கேஷ்", "சம் கேஷ்", "ஹவ் மச் கேஷ்". தனியா எண்ணணும்னா கேஷை விட்டுட்டு 'நோட்', 'காயின்'. சீன மொழியில எண்ணுறப்ப நடுவுல ஒரு அளவுச்சொல் கட்டாயம் வரும், நோட்டுக்கு 'ஜாங்', அதனால "உங்க ஊர்ல ஜாங் போடுற இடத்துல இங்க நோட் போடு"ன்னா டக்குனு பிடிச்சுக்குவாங்க.

பே பை கேஷா, பே இன் கேஷா?

"பே இன் கேஷ்", இல்லன்னா சும்மா "பே கேஷ்". கார்டுன்னா "பை கார்டு". சீன மொழியில 'யோங் ஷியென்ஜின்'னு, ரொக்கத்தை வச்சுன்னு வர்றதால "யூஸ் கேஷ் பே"ன்னு ஆரம்பிப்பாங்க. "பை கேஷ்" சிங்கப்பூர்லயும் இந்தியாவுலயும் தினம் காதுல விழுது, அதுக்காக யாரையும் திட்டமாட்டேன், எக்ஸாம்ல மட்டும் "இன்"னு எழுதுங்கன்னு சொல்லிடுவேன்.

சில்லறைக்கு "ஸ்மால் கேஷ்"னு சொல்றாங்களே?

தப்பு. சில்லறை 'சேஞ்ச்'. சீனத்துல 'லிங் ச்சியென்', அதுல ச்சியென் இருக்கிறதால கேஷ் போட்டுடறாங்க. ஆபீஸ்ல டீ, ஆட்டோ, பேப்பர் வாங்க வச்சிருக்கிற சின்னத் தொகைக்கு 'பெட்டி கேஷ்'னு ஒண்ணு இருக்கு, அது வேற. (தமிழ் காதுக்கு அது 'பெட்டி'ன்னே விழும். வார்த்தையோட மூலமும் பெட்டிதானேன்னு குழப்பிக்காதீங்க, அது பிரெஞ்சுல சின்னதுங்கிற அர்த்தத்துல வந்தது.)

"ஐ வில் கேஷ் மை ப்ராமிஸ்"னு எழுதியிருக்காங்க. என்ன பண்றது?

முதல்ல ரசிங்க, அப்புறம் திருத்துங்க. சீனத்துல 'துய் ஷியென்'னு ஒரு சொல்லு, செக்கைப் பணமா மாத்துறதுக்கும் அதுதான், சொன்ன வாக்கை நிறைவேத்துறதுக்கும் அதுதான். வாக்குங்கிறது ஒரு சீட்டு, அதைப் பணமாக்கிக் குடுத்தாத்தான் மதிப்பு. நல்ல யோசனைதான், ஆனா இங்கிலீஷ்ல கேஷ் பண்ண முடியிறது செக் மாதிரி சீட்டை மட்டும். வாக்குன்னா "கீப்", இல்ல "மேக் குட் ஆன்". இன்னொரு சிக்கல், சீனாவுல சாதாரண ஜனங்க செக்குன்னு ஒண்ணைக் கையில தொட்டதே கிடையாது, அதனால "கேஷ் ஏ செக்"கை விளக்க நான் என் பழைய செக்புக்கைத்தான் எடுத்துட்டுப் போவேன், மியூசியம் பொருள் மாதிரி கைமாத்திப் பாப்பாங்க.

கேஷ் இன், கேஷ் அவுட், கேஷ் அப்?

கேஷ் அப் பிரிட்டிஷ் வழக்கு, ராத்திரி கடை மூடி கல்லா எண்ணுறது. கேஷ் அவுட், போட்டதை வெளிய எடுக்கிறது, சூதாட்டத்துலேர்ந்தும் வரலாம், கம்பெனி ஷேர்லேர்ந்தும் வரலாம், சீனத்துல 'தாவ் ஷியென்', ஆனா அதுல ஒரு கள்ளத்தனம் ஒட்டியிருக்கும், கிரெடிட் கார்டைத் தேய்ச்சு ரொக்கமாக்குற தில்லுமுல்லு மாதிரி, இங்கிலீஷ்ல அந்த வாடை இல்ல. வெறும் பணம் எடுக்கிறதுன்னா "வித்ட்ரா கேஷ்", சீனத்துல 'தீ ஷியென்'. கேஷ் இன் ஆன்தான் கவனிக்கணும்: ஒருத்தரோட கஷ்டத்துலயோ, பேர்லயோ, சீசன்லயோ குளிர்காயிறது. ஒரு பொண்ணு வேலைக்கு அப்ளிகேஷன்ல "ஐ வாண்ட் டு கேஷ் இன் ஆன் யுவர் கம்பெனி"ன்னு எழுதிட்டு வந்துச்சு, அனுப்புறதுக்கு முன்னாடி காட்டுச்சே, நல்லவேளை.

கேஷ் கவ்வை "கேஷ் புல்"னு சொல்றாங்க!

சீனத்துல 'நியோவ்'னா பசுவும் அதுதான், காளையும் அதுதான், எருதும் அதுதான். பங்குச்சந்தை ஏறுனா அதுக்கும் நியோவ். கேஷ் கவ்னா பெருசா செலவு வைக்காம பணம் கறந்துக்கிட்டே இருக்கிற வியாபாரம். 1970 வாக்குல பாஸ்டன் கன்சல்டிங் குரூப்ங்கிற ஆலோசனைக் கம்பெனி நாலு கட்டம் போட்டு வியாபாரத்தையெல்லாம் நட்சத்திரம், நாய், கேள்விக்குறி, பசுன்னு பிரிச்சதுல இந்தச் சொல்லு உலகமெல்லாம் போச்சு, சீனாவுலயும் 'ஷியென்ஜின் நியோவ்'னு அப்படியே எடுத்துக்கிட்டாங்க. திருப்பி இங்கிலீஷுக்கு வரும்போதுதான் மாடு ஆம்பளை ஆயிடுது. "பால் கறக்கணும், காளையில கறப்பியா?"ன்னு ஒரு வாட்டி கேட்டாப் போதும். அதுக்கு நேர்மாறா 'கேஷ் க்ராப்'பை நாம பணப்பயிர்னு எடுத்துக்கிட்டோம், அவங்க 'பொருளாதாரப் பயிர்'னு வேற மாதிரி வச்சுக்கிட்டாங்க.

கேஷ்யூ, கேஷ்மியர், கேஷியர் எல்லாம் சொந்தமா?

கேஷியர் மட்டும். பெட்டிக்குக் காவல் இருந்த ஆளு. சீனத்துல அவங்க 'ஷோவ்யின்யுவான்', வெள்ளி வாங்குற ஆளு. பேங்க்கூட 'யின்ஹாங்', வெள்ளி மண்டி. வெள்ளி போய் நூறு வருஷம் ஆகப்போகுது, பேரு மட்டும் நிக்குது. முந்திரி கேஷ்யூ பிரேசில் பழங்குடி மொழிலேர்ந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது, கேஷ்மியர் காஷ்மீர். பட்டாளத்துலேர்ந்து அவமானப்படுத்தித் துரத்துறதையும் 'கேஷியர்'னு வினையாச் சொல்லுவாங்க, அது முற்றிலும் வேற வார்த்தை, பழைய நாவல் படிச்சாத் தவிர தேவைப்படாது.

கம்ப்யூட்டர்ல சொல்ற 'கேஷ்' தனி, ஸ்பெல்லிங் வேற, சத்தம் ஒண்ணு. பிரெஞ்சுல ஒளிச்சு வைக்கிறதுங்கிற சொல்லுலேர்ந்து வந்தது. சீனத்துல 'ஹுவான்சுன்'. ஐடி ஸ்டூடண்ட்கிட்ட "க்ளியர் தி கேஷ்"னா கல்லாவைக் காலி பண்ணச் சொல்றதா நெனைச்சுடுவாங்க.

போன்லயே எல்லாம் முடியுது, இந்த வார்த்தையை இவ்வளவு இழுக்கணுமா?

சீனாவுல பத்து வருஷமா வீசாட், அலிபேதான், காய்கறிக்காரம்மாவும் க்யூஆர் அட்டை தொங்கவிட்டிருக்கும். எவ்வளவு தூரம் போச்சுன்னா, கடைக்காரங்க ரொக்கம் வாங்கமாட்டேன்னு சொல்லக்கூடாதுன்னு சீன மக்கள் வங்கி 2018ல அறிவிப்பே போடவேண்டியதாப் போச்சு. ஆனா இங்கிலீஷ்ல கேஷ் கைநோட்டோட நிக்கலையே, கம்பெனி அறிக்கையில கேஷ் ஃப்ளோ, செய்தியில கேஷ் ஸ்ட்ராப்டு, ஆன்லைன் ஆர்டர்ல கேஷ் ஆன் டெலிவரி. அந்தக் கடைசிக்கு அவங்க ஊர்ப் பழமொழி ஒண்ணு இருக்கு, ஒரு கை காசு குடுக்கட்டும் ஒரு கை சரக்கு குடுக்கட்டும்னு, "யீ ஷோவ் ஜியாவ் ச்சியென், யீ ஷோவ் ஜியாவ் ஹுவோ". நமக்கு கையில காசு, வாயில தோசை. ரெண்டையும் போர்டுல எழுதுன அன்னைக்கு தோசைக்கும் சேர்த்து அரை மணி நேரம் போச்சு.

இந்த மாதிரி மூணு மொழியையும் தொடுற வார்த்தை வேற இருக்கா?

'மாண்டரின்'. அவங்க மொழிக்கே இங்கிலீஷ் பேரு, ஆனா அந்தப் பேரு சீனமும் இல்ல, சமஸ்கிருத மந்திரி மலாய்ல 'மென்தெரி' ஆகி போர்த்துகீசியர் வாயில திரிஞ்சது. அப்புறம் 'கூலி'. இங்கிலீஷ் வழியா சீனத்துக்குப் போய் 'கூலீ'ன்னு எழுதினப்ப அவங்க தேர்ந்தெடுத்த ரெண்டு எழுத்துக்கு அர்த்தம் 'கசப்பு', 'பலம்'. சத்தத்துக்கு எழுத்து தேடப்போனவன் யாரோ, அந்த வாழ்க்கையையே எழுதிட்டான். இங்க நான் வேகமா நகர்ந்துடுவேன், கிளாஸ்ல தாத்தா துறைமுகத்துல மூட்டை தூக்குன ஆளுங்க இருப்பாங்க, அவங்களா பேசினா கேட்டுக்குவேன்.

கிளாஸ்ல காட்ட அந்த ஓட்டைக் காசு எங்க கிடைக்கும்?

சைனாடவுன்ல சிவப்புக் கயித்துல அஞ்சஞ்சாக் கட்டி வீட்டு வாசல்ல மாட்ட விக்கிறாங்க, அது பெரும்பாலும் புதுசு. எல்லாக் காசும் ஒரே அச்சுல எடுத்த மாதிரி, ஓரம் கூர்மையா, ஓட்டை கச்சிதமா இருந்தா சந்தேகப்படுங்க. நெசமானதுல எழுத்து தேஞ்சு, ஓட்டை கோணலா, எடை ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் மாறும். ச்சியென்லோங் காலத்துக் காசு கோடிக்கணக்குல வார்த்தது, அதனால அசலே ஒண்ணும் பெரிய விலை இல்ல, நாணயம் சேக்குறவங்ககிட்ட தனிக்காசா வாங்குங்க. நான் முதல்ல கயித்தோட வாங்குன அஞ்சும் டூப்புன்னு ஒரு ஸ்டூடண்டோட அப்பா வீடியோ கால்ல பாத்துச் சொன்னாரு. இப்ப வச்சிருக்கிறது அசல்தான், பர்ஸ்லயே கிடக்குது. காப்பிக்கடையில நானும் போனைத்தான் நீட்டுறேன், அதனால பல நாள் பர்ஸ்ல இருக்கிற ஒரே கேஷ் அதுதான்.